நீரின் வீழ்ச்சியும் கூலியின் வீழ்ச்சியும்

சுங்கை ஆயர் தாவார் என்னும் மலாய்ப் பெயருக்கு நன்னீராறு என்பது பொருள். பெயரில் ஆறு உண்டேயன்றி, அருவி இல்லை. வட சிலாங்கூர்த் தோட்டங்களில் பல கடலோரச் சமவெளியில் உள்ளவை. இங்குள்ள ஆறுகள் சோம்பி நடந்து கடலிற் கலப்பவை. அவ்வாறிருக்க, விழும் நீரினின்று மின்சாரம் எடுத்த கதை இவ்வூராருக்கு எதற்கு என்று வாசகர் வினவலாம். அக்கதை நடந்த காலமும், நம் முன்னோர் இத்தோட்டங்களிலிருந்து கப்பலேற்றப்பட்ட காலமும் ஒன்றேயாதலின் அதனை இங்கு எடுத்துக்கொண்டோம்.

1925-ம் வருஷத்தில் ராத்தல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர், 1932-ல் ஏழு காசளவுக்கு இறங்கிற்று. 50 காசாயிருந்த ஆண்கூலி 1930-ல் 40 காசாயிற்று. பின்னர் 30 காசுக்கும் கீழே சென்றது. பெண்கூலி அதனினும் தாழ்வு. 1930 ஆகஸ்டில் தமிழ்நாட்டினின்று ஆள் வருவித்தல் நிறுத்தப்பட்டது. அந்த மூன்று வருஷங்களில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் இலவசப் பிரயாணச் சீட்டுடன் திருப்பியனுப்பப்பட்டனர். இலவசம் என்ற சொல்லைக் கண்டு எவரும் மகிழ வேண்டுவதில்லை. மரத்தில் பால் வற்றினால் வெட்டை நிறுத்துவர். விலை வற்றியபோதோ வெட்டுகிறவனையே அப்புறப்படுத்தினர்.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கரையிறங்கியவர் கண்டது செழித்த நாடன்று. அங்கும் நெல் விலை ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்திருந்தது. ஆயினும் அந்த மந்தத்தினூடே சென்னை மாகாணத்தில் இரண்டு பெருவேலைகள் நில்லாமல் நடந்தன. ஒன்று, 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த மேட்டூர் அணை. மற்றொன்று, 1929-ல் தொடங்கிய பைக்காரா மின்சாரத் திட்டம். இவை வேலையில்லாத் திண்டாட்டத்தைப் போக்குவதற்கென்று வகுக்கப்பட்டவை அல்ல. ஸர் சி. பி. ராமஸ்வாமி ஐயர் 1923 முதல் 1928 வரை சட்ட மெம்பராயிருந்த காலத்தில், மந்தம் வருமென்று ஒருவரும் எண்ணாதபோதே, உருப்பெற்றவை. கெட்ட காலத்தில் அவற்றைக் கைவிடாதது சர்க்கார் செய்த நல்ல காரியம்.

பைக்காரா நீலகிரி மலைமேல் ஓடும் சிற்றாறு. அதன் நீரைக் கிளென்மார்கன் என்னுமிடத்திற்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இரும்புக் குழாய்களின் வழியே ஏறக்குறைய 3,000 அடி கீழே சிங்காராவிலுள்ள மின்நிலையத்திற்கு இறக்கினார்கள். உலகில் அக்காலத்தில் இவ்வளவு உயரத்தினின்று நீரை இறக்கி மின்சாரம் எடுத்த இடங்கள் மிகச் சில. நீர் அதிகமில்லை, உயரமே மூலதனம். காட்டை வெட்டவும், பாறையை உடைக்கவும், குழாயைச் செங்குத்தான சரிவில் இறக்கிப் பொருத்தவும், மலையினின்று சமவெளிக்குக் கம்பி இழுக்கவும் ஆள் வேண்டியிருந்தது. 1932-33-ல் மின்சாரம் கோயம்புத்தூரை நோக்கிப் புறப்பட்டது. அத்துடன் அந்த ஆட்களின் வேலையும் முடிந்தது. மின்நிலையத்தை நடத்தச் சிலரே போதும்.

பைக்காராவின் பயனை அளக்க வேண்டுவோர் மலையை விட்டுக் கீழே வரவேண்டும். கொங்கு நாட்டில் கிணறுகள் ஆழமானவை. இரண்டு மாடும் ஓர் ஆளும் கவலை ஏற்றத்தில் நாள் முழுதும் முன்னும் பின்னும் நடந்து இறைத்த நீரை மின்சார பம்பு சில மணியில் இறைத்தது. ஏற்றக்காரனுக்கு அங்கே வேலை போயிற்று என்பது மெய். ஆனால், ஒரு போகம் விளைந்த நிலம் இரு போகம் விளையுமானால் நடவுக்கும் களைக்கும் பருத்தி எடுப்புக்கும் கூடுதலான கைகள் வேண்டும். பம்பு பழுதானால் பார்க்க ஆள் வேண்டும். வார்க்கப் பட்டறை வேண்டும். 1937-ல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையிலேயே மின்மோட்டார் செய்தனர். விலை வீழ்ச்சியால் நிலத்திலும் லேவாதேவியிலும் லாபம் காணாத பணம் நூலாலைகளில் ஏறியது. மின்சாரம் மலிவாய் வாசலுக்கு வந்தமையால், நிலக்கரிக்கு அஞ்சியவர்களும் ஆலை வைத்தனர். நாடெங்கும் தொழில் சுருங்கிய வருஷங்களில் கோவையில் புகைபோக்கியில்லாத ஆலைகள் எழுந்தன.

அவ்வாலைகளில் கூலி தாழ்வாகவே இருந்தது, வேலை கடினம். 1937-ல் அங்கே வேலைநிறுத்தங்கள் நடந்ததும் அதனாலேயே. மின்சாரம் வேலையைத் தந்தது. நியாயத்தைத் தொழிலாளரே கேட்டுப் பெறவேண்டியிருந்தது.

இனி, நமக்கு அண்டை ராஜ்யமான பேராக்கைப் பார்ப்போம். பேராக் ஆற்றின் குறுக்கே சென்டரோ அணை 1930-ல் முடிந்தது. அதைக் கட்டிய கம்பெனி கண்வைத்தது கிந்தா ஈயச் சுரங்கங்களின் மீது. மறு வருஷமே உலக ஒப்பந்தப்படி ஈயம் எடுப்பது கட்டுப்படுத்தப்பட்டது, சுரங்கங்கள் மூடின. மின்சாரம் இருந்தும் அதை வாங்குவோர் குறைந்தனர். அதே ஆறு, அதே வித்தை. ஆனால் ஒரே தொழிலை நம்பிய கம்பி. கோவையிலோ கம்பி குடியானவன் கிணற்றுக்கும் சென்றது. வேறுபாடு இவ்வளவே; இதுவே பெரிது. தோட்டங்களின் சங்கதியும் வாசகர் அறிந்ததுதான்: துரை பங்களாவிலும் ஆலையிலும் மின்விளக்கு எரிந்த காலத்தில் பல லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

அமெரிக்காவில் 1933-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் டென்னஸி ஆற்றில் அணைகள் கட்டியதோ, வேலையற்றவரை மனத்திற்கொண்டே. அங்கும் வேலைக்காரருக்கெனக் கட்டிய நாரிஸ் என்னும் புது ஊரில் கறுப்பருக்கு வீடு கொடுக்கவில்லை. பெருந்திட்டங்களில் எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பவர், எவருக்கு என்றும் கேட்கவேண்டும்.

இக்கேள்வி பழங்கதையன்று. கொரோனா நோயால் தொழில்கள் முடங்கிய 2020-ம் வருஷம் மே இறுதியில், மலேசிய அரசாங்கம் 1,000 மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு ஏலம் அறிவித்தது. 400 கோடி வெள்ளி முதலீடும் 12,000 வேலைகளும் எதிர்பார்க்கப்பட்டன. சூரியப் பலகையை நிறுவ ஆள் வேண்டும். நிறுவியபின் அதைத் துடைக்கவும் காக்கவும் சிலரே வேண்டும். சிங்காராவில் நடந்ததே இது. ஆகையால் 12,000 என்ற தொகையில், ஒரு வருஷத்துக்குப் பின்னும் நிற்கும் வேலை எவ்வளவு என்று பிரித்துக் கேட்பது நம்மவர் கடமை.

வட சிலாங்கூரில் ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்துவிட்டது. எண்ணெய் ஆலைகள் பனை நாரையும் ஓட்டையும் எரித்துத் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. கழிவுநீர்க் குளத்தில் எழும் வாயுவைப் பிடித்து மின்சாரமாக்கும் ஆலைகளும் உண்டு. இவ்வேலை மழையிலும் மந்தத்திலும் நிற்பதன்று. கொதிகலனைக் கவனிப்பவர் அரசாங்கச் சான்று பெற்றிருக்கவேண்டும் என்பது சட்டம். நம் தோட்டத்துப் பிள்ளைகளில் அச்சான்று பெற்றவர் எத்தனை பேர், பெற விரும்பியும் வழியறியாதவர் எத்தனை பேர் என்று சங்கத்தார் தோட்டந்தோறும் ஒரு கணக்கெடுப்பாராயின், அப்பட்டியலை இப்பகுதியில் வெளியிட நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.