குடிநீர்க் குழாயில் தொடங்கிய ஜெல் கணக்கு

காமர்ஸ் படிப்பவனுக்கு ஹைட்ரோஜெல்லில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே! கண்ணில் மாட்டும் சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் ஒரு ஹைட்ரோஜெல்தான். பாலிமர் வலை ஒன்று தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கிறது. அந்த வலைக்குள் தண்ணீர் எப்படி ஓடும்? இந்தக் கேள்வியின் கதை, ஓர் ஊரின் குடிநீர்ப் பிரச்சினையில் ஆரம்பிக்கிறது.

ஊர், பிரான்சின் டிஜோன். அங்கே ஹென்றி டார்சி என்ற எஞ்சினியர் சுமார் 12 கி.மீ. தொலைவில் இருந்த ஊற்றிலிருந்து 1840-இல் தண்ணீர் கொண்டுவந்தார். அதற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்! பிறகு மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டு அளந்து பார்த்தார். அழுத்த வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும். மணலின் நீளம் கூடினால் ஓட்டம் குறையும். 1856-இல் வெளியிட்ட இந்த விதிதான் இன்றுவரை அடிப்படை.

ஆனால் மணல் அசையாது, ஜெல் அமுங்கும். இதற்கு வழி காட்டியது களிமண். இஸ்தான்புல்லில் பணியாற்றிய கார்ல் டெர்சாகி, ஈரக் களிமண் மேல் பாரம் ஏற்றினால் முதலில் அதைத் தாங்குவது தண்ணீர், அது கசியக் கசிய பாரம் மண்ணுக்கு மாறுகிறது என்று 1923-இல் சமன்பாடு எழுதினார். மாரிஸ் பியோ 1941-இல் அதை முப்பரிமாணத்துக்கு விரித்தார். ஹைட்ரோஜெல் வந்தது அதற்குப் பிறகுதான். செக் நாட்டு ஓட்டோ விக்டர்லேயும் லிம்மும் 1960-இல் அதை அறிவித்தார்கள். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டர்லே பொம்மைக் கட்டுமான செட்டை வைத்து வீட்டிலேயே லென்ஸ் செய்தார்!

சரி, ஜெல்லின் ஓரத்தில் என்ன நடக்கும்? நமக்குத் தெரிந்த கிளைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிளைகளின் புத்தகங்களும் தனித்தனியே டேலி ஆகும். வழியில் இருக்கும் சரக்கில்தான் குளறுபடி வரும். இங்கும் அப்படித்தான். உள்ளே டார்சி விதி, வெளியே நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு. இரண்டையும் எப்படி இணைப்பது?

1967-இல் பீவர்ஸ், ஜோசப் இருவரும் துளைகள் உள்ள பரப்பின் மேல் தண்ணீர் வழுக்கிச் செல்கிறது என்று சோதனையில் காட்டினார்கள். வழுக்கும் அளவு அந்தப் பரப்பைப் பொறுத்தது. 1971-இல் சாஃப்மன் அதை எளிமையாக்கினார். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது அசையாத திடப்பொருள். ஜெல்லின் ஓரமோ தானே நகரும். அங்கே தண்ணீர் எவ்வளவு தாங்கும், வலை எவ்வளவு தாங்கும் என்பதும் தெரியவேண்டும். 2020-இல் ஃபெங், யங் இருவரும் ஆற்றல் இழப்புக் கணக்கிலிருந்து இதற்கு நிபந்தனைகளை வருவித்தார்கள்.

இதெல்லாம் வெறும் கணிதமா? ஜெல்லிலிருந்து மெல்லக் கசியவேண்டிய மருந்தை யோசியுங்கள். ஓரத்தில் போட்ட நிபந்தனை தப்பென்றால், உள்ளே எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டிருந்தாலும் வெளியே வரும் அளவு தப்பாகிவிடும். டார்சியிலிருந்து இங்கே வர 160 ஆண்டுகளுக்கு மேல் ஆனதற்கு அந்த ஓரம்தான் காரணம் என்பது என் எண்ணம். இயற்பியல் படிக்கும் நண்பர்கள் என்ன சொல்கிறீர்கள்?