இயற்றியவர் யார்?



நான் தலைமையாசிரியராக இருந்தபோது, இரு மாணவர்களின் கட்டுரைகள் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கக் கண்டேன். ஒருவன் வகுப்பில் முதல்வன். மற்றவன் கடைசி வரிசையில் அமர்பவன். ஆராயாமல் பின்னவனைக் கண்டித்தேன். எழுதியவன் அவனே என்பது பின்னர்த் தெரிந்தது. இசை வரலாற்றிலும் இத்தகைய பிழை நேர்ந்ததுண்டு.

ஜெர்மனியின் லூத்தரன் ஆலயங்களில் மக்கள் கூடிப் பாடும் ஞானப்பாட்டுக்குக் கோரல் என்று பெயர். பாட்டுத் தொடங்குமுன், அதன் மெட்டைத் தழுவி ஆர்கன் கருவியில் வாசிக்கப்பெறுவது கோரல் முன்னிசை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் தோன்றிய இவற்றுள் அச்சேறியவை சிலவே. ஏனையவை கைப்பிரதிகளில் வாழ்ந்தன. இசை பயில்வோர் பலருடைய உருப்படிகளை ஒரே ஏட்டில் படியெடுப்பர். அப்போது இயற்றியவர் பெயர் விடுபடுவதும் மாறிவிடுவதும் எளிது.

யோஹான் செபாஸ்டியன் பாக் 1685 முதல் 1750 வரை வாழ்ந்த மேதை. அவர் புகழ் ஓங்க ஓங்க, பிறர் படைப்புகளும் அவர் கணக்கில் ஏறின. பாக் படைப்புப் பட்டியலில் 692, 693 என்னும் எண்கள் தாங்கிய முன்னிசைகள், அவர் உறவினரும் வைமார் நகர ஆர்கன் கலைஞருமான வால்ட்டர் இயற்றியவை. வால்ட்டர் எளியவர் அல்லர். 1732-இல் இசை அகராதி ஒன்றை வெளியிட்டவர். எனினும் பெரிய பெயர் அவர் பெயரை மறைத்துவிட்டது.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு 1873-இல் ஒரு கைப்பிரதி வந்து சேர்ந்தது. அதில் 82 முன்னிசைகள் இருந்தன. நூறாண்டுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்த அவ்வேட்டிலிருந்து, அதுவரை அறியப்படாத 31 உருப்படிகள் பாக்கின் இளமைக்காலப் படைப்புகள் என 1985-ஆம் ஆண்டையொட்டி உலகுக்கு அறிவிக்கப்பெற்றன. ஆனால் அதைப் படியெடுத்த நியூமைஸ்டர் பிறந்ததோ 1756-இல். பாக் மறைந்து ஆறாண்டுகளுக்குப் பின்! அவர் எழுதிய பெயரை மட்டும் நம்பலாமா?

ஆகவே அறிஞர் தாளையும் கையெழுத்தையும் ஆராய்கின்றனர், வேறு பிரதிகளோடு ஒப்பிடுகின்றனர், இசைநடையையும் நோக்குகின்றனர். நடை மட்டும் போதிய சான்றாகாது. இளம் கலைஞன் மூத்தோரைப் பின்பற்றியே கற்கிறான் அல்லவா?

நண்பர்களே, ஏட்டில் உள்ள பெயர் ஒரு சாட்சியே, தீர்ப்பன்று. எழுதியவர் யார், எப்போது, எதைப் பார்த்து எழுதினார் என்று கேளுங்கள். புகழ் உள்ளவருக்கே எல்லாம் உரியது என எண்ணுவது, புகழ் இல்லாதவருக்கு இழைக்கும் அநீதி. அன்று அம்மாணவனை அழைத்து, வகுப்பின் முன்னிலையில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். வால்ட்டருக்கு அவர் உரிமை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. என் மாணவன் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.