மீ டூ சேர்ந்திசைக்குழு

மீ டூ சேர்ந்திசைக்குழு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள பர்லிங்டன் நகரில் 2011-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குழு. மனநோய் உள்ளவர்களும் அவர்களுக்குத் துணைநிற்பவர்களும் இதில் ஒன்றாக அமர்ந்து வாசிக்கின்றனர். இசை நடத்துநர் ரொனால்ட் பிரான்ஸ்டீனும் பிரெஞ்சு ஹார்ன் கலைஞர் கேரோலைன் விட்டனும் இதை நிறுவினர். நோய்க்குச் சிகிச்சை அளிப்பது இக்குழுவின் வேலை அன்று. நோயாளர்மீது சமூகம் சுமத்தும் களங்கத்தைப் போக்குவதே அதன் நோக்கம்.

இந்தக் களங்கம் மேற்கத்திய இசையுலகுக்குப் புதிதன்று. ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் சூமன் 1854-இல் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மீட்கப்பட்டார். பின்னர் பான் நகரை ஒட்டிய எண்டனிக்கில் இருந்த மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு, 1856-இல் அங்கேயே இறந்தார். அதற்கு முன், 1853-இல், அவர் எழுதிய வயலின் கான்செர்ட்டோவை அவருடைய மனைவி கிளாராவும் வயலின் கலைஞர் யோசஃப் யோவாகிமும் வெளியிடாமல் வைத்துக்கொண்டனர். அந்தப் படைப்பில் நோயின் சாயல் தெரிவதாக அவர்கள் அஞ்சினர். அது முதன்முதலில் பொதுமேடையில் ஒலித்தது 1937-இல், பெர்லினில். சூமனை வெறுத்தவர்கள் அதை மறைக்கவில்லை. அவர்மீது அன்பு கொண்டவர்களே, அவர் பெயரைக் காக்க எண்ணி மறைத்தனர். களங்கம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

பிரான்ஸ்டீன் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் பயின்றவர். 1979-இல் பெர்லினில் நடந்த ஹெர்பர்ட் ஃபான் கரயான் இசை நடத்துநர் போட்டியில் முதல் பரிசு பெற்றார். அப்பரிசை வென்ற முதல் அமெரிக்கர் அவரே. தொடர்ந்து பல நாடுகளின் புகழ்பெற்ற இசைக்குழுக்களை நடத்தினார். 1985-இல் அவருக்கு இருமுனையக் கோளாறு இருப்பது மருத்துவர்களால் கண்டறியப்பட்டது. மிகையான எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் நோய் இது. எழுச்சி நிலையில் ஒருவர் தூக்கமின்றி உழைத்தால் கலையுலகம் அதை மேதைமை என்று கொண்டாடும். அவரே சோர்ந்து விழுந்தால் நம்பத்தகாதவர் என்று ஒதுக்கும். அதிலும் நடத்துநர் என்பவர் நூறு பேரைக் கையசைவில் ஆள வேண்டியவர்; அவரிடம் தளர்ச்சியைக் காண எவரும் விரும்புவதில்லை. நோய் தெரியவந்த பின் பிரான்ஸ்டீனுக்கு வாய்ப்புகள் குறைந்தன. பிற்காலத்தில் வெர்மான்ட்டில் கிடைத்த பணியும் நிலைக்கவில்லை. தம்மைப் போன்றவர்களைக் கொண்டே ஓர் இசைக்குழுவை அமைக்கும் எண்ணம் அதன் பிறகே அவருக்கு எழுந்தது. அதற்கு நிர்வாக வடிவம் கொடுத்தவர் விட்டன். அவரும் மனச்சோர்வையும் பதற்ற நோயையும் அனுபவித்தவர்.

குழுவில் சேர நுழைவுத் தேர்வு இல்லை, கட்டணமும் இல்லை. தொழில்முறைக் கலைஞரும், பல ஆண்டுகளாகக் கருவியைத் தொடாதவரும் அடுத்தடுத்து அமர்வது உண்டு. ஒத்திகையின் நடுவே பதற்றம் மிகுந்தால் எழுந்து வெளியே சென்று வரலாம்; யாரும் காரணம் கேட்பதில்லை. உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். ஆனால் அந்தப் பாதி யார் என்பதை அவையோர் பார்த்தோ கேட்டோ அறிய முடியாது. எந்த விழிப்புணர்வுச் சொற்பொழிவைவிடவும் இந்த ஏற்பாடு வலுவானது. நோயாளியை அடையாளம் காணும் ஆவலோடு வந்தவரும் அந்த முயற்சியில் தோற்றே திரும்புவார்.

கச்சேரியில் படைப்புகளுக்கு இடையே உறுப்பினர் ஓரிருவர் முன்னே வந்து தங்கள் கதையைச் சொல்கின்றனர். மருத்துவமனையில் இருந்த நாட்கள், மருந்து, இழந்த வேலை, வீட்டாரிடம் மறைத்த ஆண்டுகள் எனப் பேச்சு எதையும் தொடலாம். சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. இந்த உரிமை முக்கியமானது. வேலையிடத்தில் நோய் தெரிந்துவிட்டதால் இழப்பைச் சந்தித்தவர்கள் பலர் குழுவில் இருக்கின்றனர். யாரிடம், எப்போது சொல்வது என்ற முடிவு அவர்கள் கையிலேயே விடப்படுகிறது. பேசி முடித்தவர் தம் இருக்கைக்குத் திரும்பிக் கருவியை எடுத்துக்கொள்கிறார். அடுத்த படைப்பு தொடங்குகிறது.

2014-இல் பாஸ்டன் நகரிலும் ஒரு குழு அமைந்தது. அரங்குகளோடு மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் இக்குழுவினர் வாசித்துள்ளனர். இவர்களைப் பற்றிய 'ஆர்கெஸ்ட்ரேட்டிங் சேஞ்ச்' என்ற ஆவணப்படத்தை மார்ஜி ஃப்ரீட்மன், பார்பரா முல்டர்-வெல்லின் இருவரும் உருவாக்கினர். 2020-இல் அது அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களில் ஒளிபரப்பானது.

2017-இல் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக உலகெங்கும் பரவிய 'மீ டூ' இயக்கத்துக்கும் இக்குழுவுக்கும் தொடர்பில்லை. குழுவின் பெயர் அதற்கு முன்பே வைக்கப்பட்டது. அதில் 'டூ' என்பது 2 என்ற எண்ணாக எழுதப்படும். தமக்கு இருமுனையக் கோளாறு உண்டு என்று பிரான்ஸ்டீன் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியபோது, கேட்டவர்கள் பலர் தந்த மறுமொழி "எனக்கும்தான்" என்பது. அதுவே பெயராயிற்று.