பயிற்சி

முயல் என்பதினின்று முயற்சியும் சுழல் என்பதினின்று சுழற்சியும் பிறந்தவாறே, பயில் என்னும் வினையினின்று பிறந்தது பயிற்சி. பயிலுதலுக்குக் கற்றல், பழகுதல், நெருங்கியிருத்தல் என்னும் பொருள்கள் உண்டு; பயிற்றுதலோ கற்பித்தலையும், ஒன்றையே பலகாற் சொல்லுதலையும் குறிக்கும். வடமொழியின் அப்பியாசமும் திரும்பத் திரும்பச் செய்தலையே உணர்த்துவது. ஆகவே, உபாத்தியாயர் உரைக்கக் கேட்பதும், கைப்படச் செய்து பழகுவதும், வல்லாரை அடுத்திருந்து கண்டறிவதும் இவ்வொரு சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

இக்காலக் கம்பெனிகள் வகுப்பறைப் போதனை, கணினிவழிப் பாடம், பணியிட அநுபவம் ஆகியவற்றை இணைத்துக் 'கலப்புப் பயிற்சி' என வழங்குவதைப் புதுமை என்று கருதுவோர் உளர். நம் தேசத்தில் 1961ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிற்பழகுநர் சட்டமோ, அடிப்படைப் பயிற்சியும் தொழிற்சாலையில் செய்முறைப் பயிற்சியும் அவற்றுக்கு இயைந்த பாடபோதனையும் ஒருங்கே அமைய வேண்டுமென அன்றே விதித்துவிட்டது. அதற்கும் முன்னர், இரண்டாம் உலக யுத்தகாலத்தில், அனுபவமற்ற தொழிலாளரை விரைவில் தேர்ச்சிபெறச் செய்ய அமெரிக்காவில் 1940இல் தொடங்கப்பெற்ற திட்டம், தொழிலாளியின் மனத்தை ஆயத்தப்படுத்துதல், வேலையைக் காட்டி விளக்குதல், அவனையே செய்யச் சொல்லிப் பார்த்தல், பின்னரும் தொடர்ந்து கவனித்தல் என்னும் நான்கு படிகளை வகுத்தது. இவற்றுள் இறுதிப்படியே பெரிதும் கைவிடப்படுவது.

புதிதாகச் சேர்ந்தவனைக் கணினித் திரைமுன் இருத்திச் சில பாடங்களைக் காட்டி மறுநாளே வேலைக்கு அனுப்புவதை அறிமுகம் என்னலாம். பயிற்சி என்னும் பெயர் அதற்குப் பொருந்தாது.