காலா அசாரும் சென்னைச் சிறுவனும்

பழைய சபைகளின் அடக்கப் பதிவேடுகளைப் புரட்டியோர் அறிவர்: மரணத்தின் காரணம் எழுதும் பத்தியில் ‘காய்ச்சல்’ என்னும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். அச்சொல்லுக்குள் மறைந்திருந்த நோய்களுள் ஒன்று பிரித்தறியப்பட்ட இடம் நமக்கு அண்மையிலேயே உள்ளது. கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் ரயில்கள் புறப்படும் சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரே நிற்கும் அரசு பொது மருத்துவமனையே அது.

அங்கே பணியாற்றிய சார்லஸ் டோனவன், சென்னை மருத்துவக் கல்லூரி ஆசிரியர். நெடுநாட் காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலுமாய் வருவோரை மலேரியா நோயாளர் என்று எழுதிவிடுவது அக்கால வழக்கம். குயினைன் கொடுத்தும் அவர்களுள் பலர் தேறவில்லை. 1903 ஏப்ரலில், இறந்தோரின் மண்ணீரலில் அவர் நுண்ணிய உருவங்கள் சிலவற்றைக் கண்டார். அவை உடல் அழுகுவதால் தோன்றியவையோ என்ற ஐயம் எழுவது இயல்பே. மே மாதம், டம்டம்மில் நோயுற்று இங்கிலாந்தில் மாண்ட போர்வீரன் ஒருவனின் மண்ணீரலில் 1900இல் தாம் கண்ட அத்தகைய உருவங்களை வில்லியம் லீஷ்மன் வெளியிட்டார்.

ஜூன் 17ஆம் நாள் டோனவன், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் ஊசியைச் செலுத்தி இரத்தம் எடுத்தார். அதிலும் அதே உருவங்கள்! உயிருள்ள உடலிலேயே கண்டபின் அழுகல் என்ற ஐயத்திற்கு இடமில்லை. எனினும் அம்முறை எளிதன்று. உள்ளே இரத்தம் பெருகினால் உயிருக்கே இடர். அவ்வாண்டே ரொனால்டு ராஸ் அவ்வுயிருக்கு ‘லீஷ்மானியா டோனவானி’ என்று பெயரிட்டார். மருத்துவர் இருவரும் பெயரில் நிலைத்தனர். சிறுவனுக்கோ வயதும் காய்ச்சலும் மட்டுமே ஏட்டில் எஞ்சின. முந்தியவர் யார் என்று பின்னர் எழுந்த வழக்கைவிட இவ்விடைவெளியே நம்மை உறுத்துகிறது.

பரப்புவது எது என்பது விளங்க மேலும் நாற்பதாண்டுகள் ஆயின. சென்னையில் பேட்டன் மூட்டைப்பூச்சியை ஐயுற்றார். உண்மையில் குற்றவாளி, கொசுவினும் சிறிய மணல் ஈ. நீரிலன்றி, மாட்டுத் தொழுவத்தின் ஈர மண்ணிலும் சுவர் வெடிப்பிலும் வளர்வது. இரத்தம் குடித்த ஈக்களுக்கு உலர்ந்த திராட்சையை ஊட்டி வாழச்செய்தபோதே அவற்றின் வாயருகே கிருமி பெருகுவது தெரிந்தது. அவ்வாறு வளர்த்த ஈக்கள் கடித்த தன்னார்வலர் ஐவரும் நோயுற்றதைச் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் 1942இல் வெளியிட்டனர். இவர்களுடைய பெயர்களும் ஏட்டில் உள. ஐவரை நாம் ‘ஐவர்’ என்றே சொல்லவேண்டியிருக்கிறது.

நோய் வேரூன்றிய பீகாரிலிருந்து கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வருவோர் உண்டு. மண்ணீரலில் ஊசி குத்தாமலே, விரல் நுனியின் ஒரு துளி இரத்தத்தால் சில நிமிடங்களில் நோயின் தடயத்தைக் காட்டும் சோதனை இன்று உண்டு. ஆனால் நோயாளியின் சொந்த ஊரைக் கேட்டு எழுதினாலன்றி, இப்பகுதி மருத்துவருக்குக் காலா அசார் என்னும் எண்ணமே எழ வழியில்லை. சீட்டில் மறுபடியும் ‘காய்ச்சல்’ என்றே எழுதப்படும்.