ஆமையிடம் அடைக்கலம் தேடிய நீர்யானைக் குட்டி

2004 டிசம்பர் 26 அன்று நம் கரைகளைத் தாக்கிய சுனாமி ஆப்பிரிக்காவின் கென்யா வரை சென்றது. அங்கே மாலிந்தி அருகே, கூட்டத்தைப் பிரிந்த ஒரு நீர்யானைக் குட்டி கடலில் தனியாகத் தவித்தது. மறுநாள் மக்கள் வலைபோட்டு அதை மீட்டனர். மொம்பாசாவின் ஹாலர் பூங்காவில் சேர்த்து, ஓவன் எனப் பெயரிட்டனர்.

மிரண்டுபோன குட்டி அங்கிருந்த ராட்சத ஆமையின் பின்னால் ஓடி ஒளிந்தது. ஆமையின் வயது சுமார் 130. பெயர் ம்ஸே, சுவாஹிலி மொழியில் 'பெரியவர்'. முதலில் விலகிய ஆமை, நாளடைவில் குட்டியை ஏற்றுக்கொண்டது. இரண்டும் சேர்ந்தே உண்டன, உறங்கின. நீர்யானைக் குட்டிகள் சில ஆண்டுகள் தாயை ஒட்டியே வாழ்பவை.

அல்லாஹ் தன் அருளின் நூறு பங்கில் ஒன்றையே பூமிக்கு இறக்கினான். குட்டியை மிதிக்காமல் குதிரை குளம்பைத் தூக்குவதும் அதனால்தான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது.

ஆமையிடம் வளர்ந்தாலும் ஓவன் நீர்யானைதான். பின்னர் அதை கிளியோ என்ற பெண் நீர்யானையோடு சேர்த்தனர்.

வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்கக் குர்ஆன் (33:5) கட்டளையிடுகிறது. இதைக் காரணம் காட்டி அனாதைகளை வளர்க்கவே நம்மில் சிலர் தயங்குகிறோம். தடுக்கப்பட்டது வம்சத்தை மாற்றுவது, வளர்ப்பது அல்ல. அனாதையைப் பராமரிப்பவர் சொர்க்கத்தில் நபியவர்களுக்கு அருகில் இருப்பார் என்பது நற்செய்தி. அந்தப் பாக்கியத்தை அல்லாஹ் நமக்கும் தருவானாக!