உறைமரக்கறியும் அகதிக் கைகளும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

எம்மவர் வீடுகளில் உறைய வைத்த மரக்கறி பற்றிப் பேச்செழுந்தால் உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "ஐசுக்குள்ள கிடந்த சாமான், அதில என்ன சத்து இருக்கப்போகுது?" என்பது ஒரு கட்சி. "இரண்டு வேலை செய்துபோட்டு வந்து நான் எப்ப கீரை ஆயிறது?" என்பது மற்றது, அநேகமாகச் சமைக்கிறவர்களின் கட்சி. தமிழ்க்கடை பிறீசரிலிருந்து வரும் தேங்காய்ப்பூவையோ முருங்கைக்காயையோ முதற் கட்சியினர் மறுத்ததை நான் கண்டதில்லை. வெள்ளைக்காரனின் பட்டாணிப் பக்கற் மீதுதான் அவர்களுக்குச் சந்தேகம்.

இவ்விவாதத்தில் நான் இரண்டாவது கட்சி. ஆனால் அந்தப் பக்கற்றுக்குள் யாருடைய உழைப்புக் கிடக்கிறது என்று இரு தரப்பினரும் கேட்பதில்லை. இரண்டு வருடம் ஒரு மரக்கறித் தொழிற்சாலையின் இரவு வேலையில், ஓடும் பட்டியின் முன் நின்று கறுத்த பட்டாணியும் புழுவும் பொறுக்கியவன் என்ற வகையில் எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் பட்டது. அதைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

வழமையான கதை கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கரோடு தொடங்கும். பணமில்லாமல் கல்லூரிப் படிப்பை இடையில் விட்ட இவர், 1912இல் மென்மயிர்த் தோல் வியாபாரத்துக்காக லாப்ரடோர் போனார். கடுங்குளிரில் இனுயிற் மக்கள் பனிக்கட்டியைத் துளைத்துப் பிடித்த மீன், வெளியே எடுத்த கணமே விறைத்துப்போவதையும், மாதங்கள் கழித்து இளகவிட்டுச் சமைத்தாலும் புது மீனின் சுவை மாறாதிருப்பதையும் கண்டார். காரணம் எளிது. மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்பளிங்குகள் உண்டாகி உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடும். இளகும்போது சாறு முழுவதும் வடிந்து சக்கைதான் மிஞ்சும். விரைவாக உறைந்தால் பளிங்குகள் மிகச் சிறியவை, சேதமும் குறைவு. பேர்ட்ஸ்ஐ கண்டுபிடித்தது, பெட்டியில் அடைத்த உணவைக் கடுங்குளிரான உலோகத் தகடுகளுக்கிடையே அழுத்தி உறைய வைக்கும் இயந்திரத்தை. அறிவு இனுயிற் மக்களிடம் முன்னரே இருந்தது. காப்புரிமைப் பத்திரத்தில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

1924இல் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டரில் கம்பனி தொடங்கினார். 1929இல் அது 22 மில்லியன் டொலருக்கு விலைபோயிற்று. 1930 மார்ச் 6ஆம் திகதி ஸ்பிரிங்பீல்ட் நகரின் 18 கடைகளில் உறைந்த இறைச்சி, மீன், பட்டாணி, ஸ்பினாச் கீரை, பழங்கள் விற்பனைக்கு வந்தன.

ஆனால் மரக்கறிக்கு இயந்திரம் மட்டும் போதாது. பச்சையாகவே உறைய வைத்த பட்டாணி சில மாதங்களில் வைக்கோல் மணம் மணக்கும், நிறமும் மங்கும். குளிரில் நொதியங்களின் வேலை மெதுவாகுமே தவிர நிற்பதில்லை. இதற்கு மருந்து கொதிநீர் அல்லது நீராவி. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜொஸ்லின், குரூஸ் ஆகியோர் 1920களின் இறுதியில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. ஓரிரு நிமிடம் புழுக்கி, உடனே குளிர்நீரில் ஆறவைத்து, அதன் பிறகே உறையவிட வேண்டும். புழுக்கொடியல் தெரிந்த எமக்குப் 'புழுக்குதல்' என்ற சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை. அளவுதான் வித்தியாசம்: இது அரைகுறைப் புழுக்கல். கூடினால் களியாகும், குறைந்தால் நொதியம் தப்பிவிடும். தொழிற்சாலையில் இதைச் சோதிக்க ஒரு வழியுண்டு. நசித்த பட்டாணி மீது குவையகோலும் ஐதரசன் பேரொட்சைட்டும் விடுவார்கள். செம்பழுப்பு நிறம் தோன்றினால் புழுக்கியது போதாது. எங்கள் மேற்பார்வையாளர் அந்தக் குழாயைத் தூக்கிப் பார்க்கும்போது பட்டியருகே எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம்.

பழத்தின் சங்கதி வேறு. புழுக்கினால் அது குழைந்துவிடும். ஆகவே பெரும்பாலும் சீனி அல்லது சீனிப்பாகு, பீச் போன்றவை கறுக்காமலிருக்க அஸ்கோர்பிக் அமிலம், அதாவது விற்றமின் சி. புழுக்கும்போது மரக்கறியில் இந்த விற்றமின் ஓரளவு போய்விடுவது உண்மைதான். ஆனால் ஒரு கிழமை லொறியிலும் கடையிலும் கிடந்து வதங்கிய 'பிறெஷ்' கீரை அதைவிடக் கூடவே இழந்திருக்கும். முதற் கட்சியினர் இதைக் கவனிக்க.

இனி விடயத்துக்கு வருகிறேன். பிடுங்கிய பட்டாணியின் இனிப்பு சில மணி நேரத்திலேயே மாப்பொருளாக மாறத் தொடங்கும். எனவே தொழிற்சாலை வயலருகே இருந்தாக வேண்டும். விளைந்த சில கிழமைகளுக்கு இரவு பகலாக இயங்க வேண்டும். அந்தச் சில கிழமைகளுக்கு ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும்; பிறகு வேண்டாம். வேறு போக்கிடமில்லாத மனிதர்களை இத்தொழில் ஏன் தேடித் தேடிச் சேர்த்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

நியூ ஜேர்சி மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள சீபுரூக் பண்ணை இதற்குத் தகுந்த உதாரணம். சார்ள்ஸ் சீபுரூக் என்பவர் தகப்பனின் மரக்கறித் தோட்டத்தைப் பெருந்தொழிற்சாலையாக மாற்றியவர். 1930களில் உறையவைக்கும் தொழிலுக்குள் இறங்கினார். 1955இல் 'லைஃப்' சஞ்சிகை அதனை உலகின் மிகப்பெரிய மரக்கறித் தொழிற்சாலை என்று வர்ணித்தது. அதே பண்ணையில் 1934இல் கறுப்பினத்தவரும் இத்தாலியக் குடியேறிகளும் சேர்ந்து செய்த வேலைநிறுத்தம் கண்ணீர்ப்புகையாலும் அடியாட்களாலும் நசுக்கப்பட்டது. சஞ்சிகைகளின் வர்ணப் படங்களில் இது வராது.

பிறகு யுத்தம் வந்தது. 1942இன் தொடக்கத்தில் யப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு வெள்ளீயம் தட்டுப்பாடாயிற்று. தகரப் பேணிகள் இராணுவத்துக்குப் போக, மட்டைப்பெட்டியில் அடைக்கப்படும் உறையுணவுக்குச் சந்தை திறந்தது. ஆட்களோ இல்லை, இளைஞர்கள் போர்முனையில். அதே ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ற் பிறப்பித்த 9066ஆம் இலக்கக் கட்டளையின் கீழ், மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 120,000 பேர் முள்வேலி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையினர் அமெரிக்கப் பிரசைகள். கணிசமானோர் மரக்கறி பயிரிடுவதில் விற்பன்னர்கள். முகாமிலிருந்து வெளியேற ஒரு வழி, வெளியே வேலை காட்டுவது. 1944 தொடக்கம் ஏறக்குறைய 2,500 பேர் சீபுரூக்குக்கு வந்து சேர்ந்தனர். கம்பனி வீடு, பன்னிரண்டு மணி நேர வேலை. ஒரே யுத்தம் சந்தையையும் கொடுத்து வேலையாட்களையும் கொடுத்தது.

இவர்களிலும் கேடுகெட்ட நிலை பேருவிலிருந்து வந்த யப்பானியருடையது. அமெரிக்க அரசே இவர்களைத் தென்னமெரிக்காவில் பிடித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, கடவுச்சீட்டுகளைப் பறித்துக்கொண்டு, ரெக்சாஸ் மாநிலத்துக் கிறிஸ்ரல் சிற்றி முகாமில் அடைத்தது. யுத்தம் முடிந்ததும் 'சட்டவிரோதமாக நுழைந்த அந்நியர்' என்று இவர்களுக்கே பட்டம் சூட்டி நாடுகடத்த முற்பட்டது. பேருவோ பெரும்பாலானோரைத் திருப்பி ஏற்க மறுத்தது. வேய்ன் கொலின்ஸ் என்ற வழக்கறிஞர் நீதிமன்றம் ஏறி நாடுகடத்தலைத் தடுத்தார். அவர்களில் ஒரு பகுதியினர் 1946இல் சீபுரூக்குக்கு அனுப்பப்பட்டனர். விசா இல்லாதவனைப் பிடித்துவந்தவனே விசா எங்கே என்று கேட்பதை என்னவென்பது?

1948ஆம் ஆண்டின் இடம்பெயர்ந்தோர் சட்டத்தின் பின்னர் யேர்மன் முகாம்களிலிருந்து எஸ்தோனிய அகதிகள் நூற்றுக்கணக்கில் வந்தனர். ஆசிரியராகவோ அதிகாரியாகவோ இருந்தவரும் பட்டியின் முன்தான் நின்றார். இந்தக் காட்சியை எம் வாசகர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

இப்போது கருத்து வேறுபாடு. சீபுரூக்கில் வளர்ந்த யப்பானிய, எஸ்தோனியப் பிள்ளைகள் பலர் அந்த இடத்தை அன்போடு நினைவுகூருகிறார்கள். பல மொழி பேசும் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தார்கள். பௌத்த ஆலயம் எழுந்தது. எல்லோரும் வெறுத்த காலத்தில் கதவைத் திறந்தவர் சீபுரூக் என்பது அவர்கள் வாதம். அந்த நினைவை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். முள்வேலியிலிருந்து வந்தவனுக்குப் பூட்டில்லாத கதவே பெரிது. ஆனால் கூலியைப் பேரம்பேச முடியாதவனைத் தேர்ந்தெடுத்து அழைத்ததற்குக் கருணை என்று பெயரிடுவதை ஏற்க என்னால் முடியாது. அக்குடும்பத்தின் பேரனான ஜோன் சீபுரூக் 2025இல் வெளியிட்ட நூலும் முதலாளியின் கொடுமைகளை மூடிமறைக்கவில்லை. எம்மிடையேயும் 'வேலை தந்த நாடு' என்று பேசுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கட்டும்.

பண்ணை 1959இல் கைமாறியது. 1960களில் சுவீடனில், கீழிருந்து வீசும் குளிர்காற்றில் பட்டாணி ஒவ்வொன்றும் தனித்தனியே மிதந்தபடி உறையும் முறை வந்தது. கட்டியாகாமல் பக்கற்றில் கலகலவென்று கொட்டுவது அதனால்தான். பொறுக்கும் வேலையில் பெரும்பகுதியை இன்று ஒளிக்கருவிகள் செய்கின்றன.

சீபுரூக்கில் 1994இல் அந்த மக்களே ஒரு சிறு நூதனசாலை திறந்தார்கள். முகாமில் அடைக்கப்பட்டு உயிரோடு எஞ்சியிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலரும் மன்னிப்பும் வழங்க 1988இல் அமெரிக்கா சட்டமியற்றியபோது, பேருவிலிருந்து வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதில் சேர்க்கப்படவில்லை. அடைக்கப்பட்ட காலத்தில் அவர்கள் பிரசைகளாகவோ சட்டபூர்வ நிரந்தரவாசிகளாகவோ இருக்கவில்லையாம். வழக்குப் போட்டபின் 1998இல் தலைக்கு 5,000 டொலர் தர அரசு உடன்பட்டது. சிலர் அதை வாங்க மறுத்துவிட்டார்கள்.